பாட்காஸ்ட் கேட்க ஆப் தேடுகிறீர்களா? முதலில் ஃபீடைப் பாருங்கள்

கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப் 2018 ஜூனில் வந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் மூடப்பட்டது, அடுத்த சில மாதங்களில் மற்ற நாடுகளிலும் நின்றுபோனது. ஆண்ட்ராய்டு போனில் பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்த பலருக்கு அதுதான் முதல் ஆப். பார்க்க எளிமையாக இருக்கும், காசு கேட்காது. மூடும்போது எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் போகச் சொன்னது கூகுள். பாட்டுக்காகக் கட்டிய வீட்டில் பாட்காஸ்ட்டுக்கு ஓர் ஓரம்தான் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஸ்டிச்சர் போனது. 2008இலிருந்து இருந்த ஆப் அது. 2020இல் சிரியஸ்எக்ஸ்எம் என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் 32.5 கோடி டாலர் வரை தருவதாகப் பேசி அதை வாங்கியது. அவ்வளவு விலை பேசி வாங்கிய ஆப் மூன்றே ஆண்டில் மூடப்பட்டது.

அதனால் எந்த ஆப் நல்லது என்று கேட்பவரிடம் நான் அம்சங்களிலிருந்து பேச்சை ஆரம்பிப்பதில்லை. இன்று நன்றாக ஓடும் ஆப் ஐந்து வருடம் கழித்தும் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அது போனாலும் நீங்கள் தொடர்ந்து கேட்கும் நிகழ்ச்சிகள் கையைவிட்டுப் போகாத மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். பாட்காஸ்ட் கட்டப்பட்டிருக்கும் விதமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எல்லா ஆப்பும் அந்த இடத்தை நமக்கு விட்டுத்தருவதில்லை.

ஃபீடுக்குள் என்ன இருக்கிறது

2000இன் கடைசியில் டேவ் வைனர் என்ற அமெரிக்க மென்பொருள் நிபுணர் ஆர்எஸ்எஸ் என்ற கோப்பு வடிவத்தில் சின்னதாக ஒரு சேர்க்கை செய்தார். அதுவரை செய்தித் தலைப்புகளையும் வலைப்பதிவுகளையும் சுமந்துகொண்டிருந்த அந்தக் கோப்பில், இனி ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் வைக்கலாம் என்று ஆனது. இப்படி ஒன்று வேண்டும் என்று அவரைத் தூண்டியவர் எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி. சில ஆண்டுகள் ஆர்வலர்கள் மட்டும் பயன்படுத்தினார்கள். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் 4.9இல் பாட்காஸ்ட்டைச் சேர்த்ததும் பொதுமக்கள் பக்கம் வந்தது. அடிப்படை இன்றும் அதேதான்.

இந்த ஆர்எஸ்எஸ் கோப்பைத்தான் ஃபீட் என்கிறோம். ஒரு பாட்காஸ்ட்டின் ஃபீடை பிரவுசரில் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரியும். மேலே நிகழ்ச்சியின் பெயர், மொழி, அட்டைப்படத்தின் முகவரி. அதற்குக் கீழே ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பகுதி: தலைப்பு, வெளியான நாளும் நேரமும், சிறு குறிப்பு, அப்புறம் எம்பி3 கோப்பு இருக்கும் முகவரி. அவ்வளவுதான். புது எபிசோடு வந்தால் புதிதாக ஒரு பகுதி சேரும். இந்தக் கோப்பு நிகழ்ச்சி நடத்துபவர் ஏற்பாடு செய்த சர்வரில் இருக்கிறது. ஆப் அதை அடிக்கடி போய்ப் படித்துவிட்டு, புதிதாக ஏதாவது இருந்தால் நமக்குக் காட்டுகிறது. கேட்கும்போது ஒலியும் அந்த முகவரியிலிருந்துதான் வருகிறது.

அதாவது ஆப் என்பது ரேடியோப் பெட்டி. பெட்டி கெட்டுப்போனால் வேறு பெட்டியில் அதே நிலையத்தைப் பிடிக்கலாம். ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பான எஸ்பிஎஸ்ஸின் தமிழ் நிகழ்ச்சியை ஒருவர் ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் கேட்கலாம், இன்னொருவர் பழைய ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் என்ற ஆப்பில் கேட்கலாம். இருவருக்கும் ஒரே கோப்புதான் போகிறது.

இதிலிருந்து இரண்டு சோதனைகள் கிடைக்கின்றன. புது ஆப் ஒன்றை நிறுவியதும் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஒன்று, ஃபீட் முகவரியை நானே ஒட்டி ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்க முடிகிறதா? இரண்டு, நான் சந்தா வைத்திருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலை ஒரு கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? அந்தக் கோப்புக்கு ஓபிஎம்எல் என்று பெயர். இதுவும் டேவ் வைனரின் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். நூறு நிகழ்ச்சிகள் இருந்தாலும் சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும் சின்ன எழுத்துக்கோப்பு அது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடியபோது பிழைத்துக்கொண்டவர்கள் இந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு ஆப்புக்குப் போனவர்கள்தான். கடைசி நேரத்தில் கூகுளே அந்த வசதியைத் தந்தது, அது பாராட்ட வேண்டிய விஷயம்.

முதல் சோதனை ஏன் முக்கியம் என்றால், எல்லா நிகழ்ச்சியும் தேடலில் அகப்படாது. பேட்ரியான் மாதிரித் தளங்களில் மாதச் சந்தா கட்டி ஒருவரின் நிகழ்ச்சியைக் கேட்கிறீர்கள் என்றால், உங்களுக்கென்று தனியாக ஓர் ஆர்எஸ்எஸ் லிங்க் தருவார்கள். அதை ஒட்ட இடம் இருந்தால்தான் கட்டிய காசுக்குப் பலன். பள்ளி, நூலகம், சிறு அமைப்பு எதுவாக இருந்தாலும் தங்கள் வட்டத்துக்குள் மட்டும் ஒரு ஃபீட் நடத்துபவர்களுக்கும் இதுதான் வழி.

ஸ்பாட்டிஃபையும் யூடியூபும்

இங்கேதான் பலர் முகம் சுளிப்பார்கள். நம்மில் பெரும்பாலோர் பாட்காஸ்ட் கேட்பதே இந்த இரண்டில்தானே?

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதே மாதத்தில் ஆங்கர் என்ற நிறுவனத்தை வாங்கியது. ஆங்கர் செய்தது பெரிய காரியம். போனிலேயே பதிவு செய்து, போனிலேயே வெட்டி ஒட்டி, காசு கொடுக்காமல் பாட்காஸ்ட் வெளியிடலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாத ஒருவர் தமிழில் கதை வாசித்து வெளியிட முடிகிறது என்றால் அதற்கு இந்த மாதிரி இலவசச் சேவைகளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அங்கே ஏற்றிய நிகழ்ச்சிக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் உண்டு. நடத்துபவர் அதைப் பொதுவில் விட்டால் எந்த ஆப்பிலும் கேட்கலாம். விடாவிட்டால் ஸ்பாட்டிஃபையோடு நின்றுவிடும். தமிழில் பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிடுங்கள். கேட்பவர் எந்த ஆப்பில் இருந்தாலும் வந்து சேருவார்.

கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்பாட்டிஃபை எனக்கு இரண்டாம் பட்சம்தான். நான் சொன்ன இரண்டு சோதனையிலும் தேறவில்லை: ஃபீட் முகவரியை ஒட்ட இடமில்லை, பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுக்கவும் வழியில்லை. 2020இல் ஜோ ரோகன் என்ற அமெரிக்கத் தொகுப்பாளரின் நிகழ்ச்சியைப் பெரும்பணம் கொடுத்துத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்டது. அதுவரை தங்களுக்குப் பிடித்த ஆப்பில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வேண்டுமானால் இங்கே வா என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 2024இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து அந்த நிகழ்ச்சி மறுபடி மற்ற இடங்களுக்கும் வந்தது. ஒரு நிகழ்ச்சியை ஒரே ஆப்புக்குள் பூட்டுவது எவ்வளவு எளிது என்பதை அப்போது எல்லோரும் பார்த்தோம்.

பாட்டும் பேச்சும் ஒரே இடத்தில் போதும், வாரத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிதான் கேட்பேன் என்பவருக்கு ஸ்பாட்டிஃபை தாராளமாகப் போதும். பாட்காஸ்ட்டை டவுன்லோடு செய்ய அங்கே பணம் கட்டத் தேவையில்லை, இலவசக் கணக்கிலேயே முடியும். இது பலருக்குத் தெரிவதில்லை.

யூடியூப் விஷயம் வேறு. தமிழில் இன்று பாட்காஸ்ட் என்ற பெயரில் வரும் நீண்ட உரையாடல்களில் நிறைய வீடியோவாகவே யூடியூபில் வருகின்றன. அவற்றுக்கு ஆர்எஸ்எஸ் ஃபீடே இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட நிகழ்ச்சியை எந்த பாட்காஸ்ட் ஆப்பிலும் பிடிக்க முடியாது, யூடியூபில்தான் பார்க்க வேண்டும். பிரீமியம் கட்டாமல் சாதாரண யூடியூப் ஆப்பில் போட்டால் திரையை அணைத்ததும் ஒலி நின்றுவிடும். காதால் மட்டும் கேட்கப் போகும் பேச்சுக்காக வீடியோவின் டேட்டாவும் பேட்டரியும் செலவாகும். உங்களுக்குப் பிடித்த யூடியூப் நிகழ்ச்சிக்குத் தனியாக ஒலி வடிவம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப்பாருங்கள், பல பேர் இரண்டையும் வெளியிடுகிறார்கள்.

புது எபிசோடு வந்ததா என்று போய்ப் பார்ப்பது யார்?

ஆப்களுக்குள் உள்ள பெரிய வித்தியாசம் வெளியே தெரிவதில்லை. ஃபீடைப் போய்ப் படிக்கும் வேலையைச் சில ஆப்கள் தங்கள் சர்வரில் செய்கின்றன. பாக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் இரண்டும் அப்படி. லட்சக்கணக்கான ஃபீடுகளை அவர்களுடைய கணினி சுற்றி வந்து பார்க்கும், உங்கள் போன் அந்தக் கணினியிடம் மட்டும் கேட்டுக்கொள்ளும். அதனால் அறிவிப்பு சீக்கிரம் வரும், பேட்டரி மிச்சமாகும். போனில் பாதி கேட்டதைக் கணினியில் அதே நொடியிலிருந்து தொடரலாம். பதிலுக்கு நீங்கள் என்னென்ன கேட்கிறீர்கள் என்பது அவர்கள் சர்வரில் இருக்கும். அந்தச் சர்வர் படுத்தால் ஆப்பும் தடுமாறும். காஸ்ட்ரோ என்ற ஐபோன் ஆப்புக்கு 2023 கடைசியில் அதுதான் நடந்தது. சர்வர் கோளாறால் ஆப் முடங்க, அதோடு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். 2024 தொடக்கத்தில் வேறொருவர் வாங்கி அதைத் தூக்கி நிறுத்தினார்.

ஆன்டெனாபாட் இதற்கு நேர்மாறு. உங்கள் போனே ஒவ்வொரு ஃபீடுக்கும் நேரடியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும். கணக்கு தொடங்கத் தேவையில்லை, நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. நிறுவனமே இல்லாததால் மூடிவிட்டுப் போவதற்கும் யாரும் இல்லை. 2012இலிருந்து தன்னார்வலர்கள் எழுதிவரும் திறந்தமூல ஆப் அது, அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் போனே எல்லா வேலையும் செய்ய வேண்டியிருப்பதால், போன் ஒத்துழைக்காவிட்டால் சிக்கல்.

நம் ஊரில் விற்கும் போன்களில் இந்தச் சிக்கல் அதிகம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்தே, சும்மா கிடக்கும் போனில் பின்னணியில் ஓடும் ஆப்களை அடக்கிவைக்கும் ஏற்பாடு உண்டு. பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காகப் போன் தயாரிப்பாளர்கள் சிலர் அதற்கு மேலும் கடுமையான கட்டுப்பாடுகளைத் தாங்களாகவே போட்டுவைக்கிறார்கள். விளைவு: இரவு டவுன்லோடு ஆகியிருக்க வேண்டிய எபிசோடு காலையில் இல்லை. திரை அணைந்து பத்து நிமிடத்தில் பேச்சு நடுவிலேயே நின்றுவிடுகிறது. ப்ளே ஸ்டோரில் இதற்காக ஆப்பைத் திட்டி ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பல சமயம் தப்பு ஆப்பின்மேல் இல்லை. போனின் செட்டிங்ஸில் ஆப்கள் பகுதிக்குப் போய், அந்த பாட்காஸ்ட் ஆப்பைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்க அனுமதி என்று இன்னொரு பொத்தான் தனியாக இருக்கும், அதையும் போடுங்கள். ஆப்பை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து ஒரு வாரம் பாருங்கள்.

டவுன்லோடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் பதிவான ஒரு மணி நேர எபிசோடு ஏறக்குறைய 58 எம்பி. 64 கிலோபிட் என்றால் அதில் பாதி. பேச்சுக்கு அதுவே போதும். தினமும் ஒன்றரை ஜிபி கிடைக்கும் பிளானில் இது ஒரு செலவே இல்லை. ஆனாலும் டவுன்லோடு செய்து கேட்பதுதான் நல்லது. காரணம் டேட்டா இல்லை, சிக்னல். ரயில் ஊர்களைத் தாண்டும்போதும், மலைப்பாதையில் பஸ் ஏறும்போதும் டவுன்லோடு செய்யாமல் இணையத்திலிருந்து நேராகக் கேட்டுக்கொண்டிருந்தால் பேச்சு விட்டுவிட்டுத்தான் வரும். வைஃபையில் இருக்கும்போது மட்டும் தானாக டவுன்லோடு செய், கேட்டு முடித்ததும் அழித்துவிடு என்று இரண்டு ஏற்பாட்டையும் நல்ல ஆப்கள் எல்லாம் தருகின்றன. இரண்டாவதை மறந்துவிட்டால் சில மாதத்தில் போன் நிரம்பிவிடும்.

தமிழ் நிகழ்ச்சி கேட்பவருக்கு எவை உதவும்

ஆப்களை ஒப்பிட்டு எழுதப்படும் ஆங்கிலக் கட்டுரைகளில் நம் கேட்கும் பழக்கத்துக்கு வேண்டிய சில விஷயங்கள் வருவதே இல்லை. உதாரணமாக, தமிழில் நாவல் வாசிப்பு மிகப் பெரிய வகை. சரித்திர நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து வெளியிடுகிறார்கள், நூற்றுக்கணக்கான எபிசோடுகள் இருக்கும். ஆனால் பாட்காஸ்ட் ஆப்கள் பொதுவாகப் புதியதை மேலே வைத்துத்தான் காட்டும். செய்தி நிகழ்ச்சிக்கு அது சரி. நாவலுக்கு அப்படிக் காட்டினால் கதையின் முடிவு முதலில் வந்து நிற்கும். கடைசி அத்தியாயத்தின் தலைப்பைப் பார்த்தாலே யார் செத்தார் என்று தெரிந்துவிடும்!

2017இல் ஆப்பிள் இதற்கு ஒரு வழி செய்தது. தொடராக, வரிசைப்படி கேட்க வேண்டிய நிகழ்ச்சி இது என்று நடத்துபவர் தன் ஃபீடிலேயே குறிப்பிடலாம், ஆப் அதைப் பார்த்து முதல் எபிசோடை மேலே வைக்கும். அதைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக வரிசையை மாற்ற முடிகிறதா, மாற்றியதை ஆப் நினைவில் வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பாக்கெட் காஸ்ட்ஸ், ஆன்டெனாபாட் இரண்டிலும் முடியும். அடுத்ததையும் கவனியுங்கள்: ஓர் அத்தியாயம் முடிந்ததும் என்ன ஓடுகிறது? வரிசைப் பட்டியல் வைத்து இயங்கும் ஆப்பில், அந்தப் பட்டியலில் அடுத்து இருப்பதுதான் ஓடும். ஆகவே பத்துப் பதினைந்து அத்தியாயங்களை முறையாகப் பட்டியலில் ஏற்றிவிட்டுச் சமையலையோ பயணத்தையோ ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம் முகப்பு இசை. முப்பது நொடி இசை, வணக்கம், நிகழ்ச்சியின் அறிமுகம், ஆதரவாளருக்கு நன்றி, பகிருங்கள் என்ற வேண்டுகோள்... வாரம் ஒருமுறை கேட்டால் ஒன்றும் தோன்றாது. நாவலை ஒரே மூச்சில் பதினைந்து அத்தியாயம் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் இதைத் தாண்ட வேண்டும். தொடக்கத்தில் இத்தனை நொடி, முடிவில் இத்தனை நொடி விட்டுவிடு என்று நிகழ்ச்சிவாரியாக அமைக்கும் வசதி மேலே சொன்ன இரண்டு ஆப்பிலும் உண்டு. ஓர் அத்தியாயத்தைக் கேட்டு, எந்த நொடியில் கதை ஆரம்பிக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் போட்டுவிட்டால் போதும்.

ஒலியளவு இன்னொரு தலைவலி. பாட்காஸ்ட்டின் சத்தம் இந்த அளவில் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது, மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் அளவில் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு அது). பெரிய நிறுவனங்கள் அதை ஒட்டித் தயாரிக்கின்றன. வீட்டில் போன் மைக்கில் பதிவு செய்கிறவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. மேடைச் சொற்பொழிவை அப்படியே எடுத்துப் போடும் நிகழ்ச்சிகளில் பேசுபவர் குரல் ஒரு மூலையிலிருந்து கேட்கும். அதைக் கேட்க சத்தத்தைக் கூட்டிவைத்திருப்போம், அடுத்து ஓடும் நிகழ்ச்சி காதைக் கிழிக்கும். ஓவர்காஸ்ட் 2014இல் வந்தபோதே பேச்சுக் குரலை மட்டம் செய்து தூக்கிக் கொடுக்கும் வசதியோடு வந்தது. அந்த ஆப் அவ்வளவு பேர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்ட்ராய்டில் பாக்கெட் காஸ்ட்ஸிலும் ஒலியைக் கூட்டும் வசதி உண்டு. ஆன்டெனாபாடில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒலியளவைத் தனியாகக் கூட்டிக் குறைத்து வைக்கலாம். பஸ்ஸில் கேட்பவர்கள் மற்ற எந்த அம்சத்தையும் விட இதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கலாம்.

வேகத்தைக் கூட்டிக் கேட்பது எல்லா ஆப்பிலும் இருக்கிறது, சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூடும். 1.2 மடங்கில் ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடமாகிறது. இதையும் நிகழ்ச்சிவாரியாக வைக்க முடிந்தால்தான் பயன். பண்பலைத் தொகுப்பாளர் பேசும் வேகத்துக்கு மேல் இன்னும் கூட்டினால் ஒன்றும் பிடிபடாது. யாழ்ப்பாணத்துப் பேச்சோ நாகர்கோவில் பேச்சோ காதுக்குப் பழகாதவர் சாதாரண வேகத்திலேயே கேட்பது நல்லது. நிதானமாகப் பேசும் பேராசிரியரை 1.4இல் கேட்டாலும் ஒரு சொல் தவறாது.

இதோடு மௌனத்தை வெட்டும் வசதி என்று ஒன்று வரும். ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அதைச் சத்தமில்லாத இடம் என்று எடுத்துக்கொண்டு ஆப் சுருக்கிவிடும். உரையாடலுக்குச் சரி. கவிதை வாசிப்புக்கும், கதை சொல்லுவதற்கும், நல்ல சொற்பொழிவுக்கும் வேண்டவே வேண்டாம். தேர்ந்த பேச்சாளர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார் என்றால் அந்த நிறுத்தமும் பேச்சில் சேர்ந்ததுதான். பின்னால் மின்விசிறி சுற்றும் பதிவுகளில் இந்த வசதி எப்படியும் சரியாக வேலை செய்வதில்லை.

தூக்கத்துக்குப் போகும்போது கேட்கிறவர்களுக்கு நேரக் கணக்கில் நிறுத்துவது மட்டும் போதாது, இந்த எபிசோடு முடிந்ததும் நிறுத்து என்ற தேர்வும் வேண்டும். இன்னும் தூக்கம் வரவில்லை என்றால் போனை ஓர் ஆட்டு ஆட்டினால் நேரம் நீளும்படி சில ஆப்களில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டவருக்கு அது எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை.

தேடும்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். தமிழ் நிகழ்ச்சிகளில் நிறைய, ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைத்திருக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்து கிடைக்கவில்லை என்றால் ஆங்கில எழுத்திலும், அதையும் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலிலும் தேடிப்பாருங்கள். நடத்துபவர் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் தமிழ்ப் பட்டியல்களில் அது வராது. பல ஆப்கள் சொந்தமாகத் தேடல் பட்டியல் வைத்திருப்பதில்லை, ஆப்பிளின் பட்டியலில் போய்த்தான் தேடுகின்றன. 2020இல் ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸும் பாட்காஸ்ட் இன்டெக்ஸ் என்ற திறந்த பட்டியலை ஆரம்பித்தார்கள். ஆன்டெனாபாட் ஆப்பிளோடு சேர்த்து அதிலும் தேடும். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கலாம்.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. நிகழ்ச்சிக்குள் வரும் விளம்பரம் ஒலிக்கோப்பிலேயே சேர்ந்து வருகிறது, ஆப்பை மாற்றினால் அது போகாது. பெரிய நிகழ்ச்சிகளில் நீங்கள் டவுன்லோடு செய்யும் நேரத்தில், நீங்கள் இருக்கும் நாட்டைப் பார்த்து விளம்பரத்தைச் செருகிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் ஒரே எபிசோடு இரண்டு பேருக்கு இரண்டு நீளத்தில் வரும், நண்பர் சொன்ன நிமிடத்தில் போய்ப் பார்த்தால் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, எதைப் போடுவது?

ஆண்ட்ராய்டு என்றால் என் முதல் தேர்வு ஆன்டெனாபாட். விளம்பரம் இல்லை, கணக்கு இல்லை, ப்ளே ஸ்டோரிலும் கிடைக்கும், திறந்தமூல ஆப்களுக்கான எஃப்-டிராய்டிலும் கிடைக்கும். பழைய போனிலும் ஓடும். முதல் நாள் செட்டிங்ஸைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்டும், ஆனால் ஒன்றையும் தொடாமலே பயன்படுத்தலாம். குறை என்றால், இரண்டு கருவிகளுக்கு இடையே விட்ட இடத்தை ஒத்திசைக்கத் தனியாக ஒரு சர்வர் ஏற்பாடு வேண்டும். எல்லோராலும் அது ஆகாது.

போன், டேப்லெட், அலுவலகக் கணினி என்று மாறி மாறிக் கேட்பவர் பாக்கெட் காஸ்ட்ஸுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆப் இது. 2018இல் அமெரிக்கப் பொது வானொலி நிறுவனங்கள் சேர்ந்து வாங்கின, 2021இல் வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டு அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. இத்தனை கை மாறியும் ஓபிஎம்எல் எடுக்கும் வசதியை எவரும் அடைக்கவில்லை, அந்த ஒன்றுக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித்தரவும் எளிது. கோப்புறை மாதிரிச் சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும், கட்டாமலே பெரும்பாலோருக்குப் போதும்.

பாட்காஸ்ட் அடிக்ட் என்ற ஆண்ட்ராய்டு ஆப்பில் இல்லாத வசதி இல்லை. திரை அவ்வளவுக்கு அடைசலாக இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு வேறு எதுவும் பிடிப்பதில்லை.

ஐபோனில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸே பலருக்குப் போதும். முகவரி கொடுத்து நிகழ்ச்சி சேர்க்க அதில் வழி இருக்கிறது. பட்டியலை வெளியே எடுக்கும் விஷயத்தில்தான் அது மற்ற ஆப்களை விடப் பின்தங்கியே இருந்துவந்திருக்கிறது. நிறையக் கேட்பவர் ஓவர்காஸ்ட் பக்கம் போகலாம். மார்கோ ஆர்மென்ட் என்ற ஒரே நிரலாளர் எழுதி நடத்தும் ஆப் அது, இலவசமாகவும் கிடைக்கும். அதில் வரும் விளம்பரங்களும் பெரும்பாலும் மற்ற பாட்காஸ்ட்களைப் பற்றியவைதான்.

வீட்டில் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதானால் ஆப்பை விட அமைத்துக் கொடுப்பதுதான் முக்கியம். அவர்கள் விரும்பிக் கேட்கும் நாலைந்து நிகழ்ச்சிகளை மட்டும் சேர்த்து, தானாக டவுன்லோடு ஆகும்படி வைத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, முன்னே தள்ளும் பொத்தான் எத்தனை நொடி தாண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆப்பை மாற்றும்போது செய்ய வேண்டியது இது. பழைய ஆப்பில் ஏற்றுமதி என்ற பகுதியைக் கண்டுபிடித்து ஓபிஎம்எல் கோப்பை எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். புது ஆப்பில் இறக்குமதி என்று கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால் சில நிமிடத்தில் எல்லா நிகழ்ச்சியும் வந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பில் நிகழ்ச்சிகளின் முகவரி மட்டும்தான் இருக்கிறது. எதைக் கேட்டு முடித்தீர்கள், எதில் எந்த நிமிடத்தில் நிற்கிறீர்கள் என்பதெல்லாம் வராது. டவுன்லோடு செய்த எபிசோடுகளும் வராது. காசு கொடுத்து வாங்கிய தனி ஃபீடின் லிங்க்கும் அந்தப் பட்டியலோடு சேர்ந்து போகும் என்பதால் கோப்பை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். நூற்றைம்பது அத்தியாயம் உள்ள நாவலில் எண்பதாவதில் இருக்கிறீர்கள் என்றால் அந்த எண்ணை எங்காவது குறித்துக்கொண்டு, புது ஆப்பில் அதற்கு முந்தையவற்றைக் கேட்டதாகக் குறித்துவிடுங்கள். பழைய ஆப்பை ஒரு மாதம் கழித்து நீக்கினால் போதும்.